மூச்சுக்காட்டாத தெரு

திண்டிவனம்
9 அக்டோபர் 2023

அப்ஸானா அக்காவுக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். உங்கள் ஜெராக்ஸ் கடை நம்பருக்குப் போட்டால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறீர்கள். விழுப்புரம் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று நாளும் என்னைக் கேள்வி கேட்டே களைப்பாக்கிய குரல் எனக்குத் தெரியாதா? வேறு வழி இல்லாமல் தபால் ஆபீஸ் போய் கவர் வாங்கினேன். கவுன்டரில் இருந்த அம்மா, "வேலைக்கு அப்ளிகேஷனாம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். போரிலோ கலவரத்திலோ பயந்துபோன பிள்ளைகளை, சுற்றி இருக்கிற ஊர்க்காரர்களே எப்படித் தேற்றலாம் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஜூலையில் நீங்களும் உங்கள் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் வந்து கற்றுக்கொண்டு போனீர்கள். சூடானில் சண்டை மூண்டு, கார்ட்டூமிலிருந்து தப்பித் துறைமுகம் போய்க் கப்பலேறி வந்த உங்கள் தம்பி மகன் ஃபைசலுக்காக ஒரு தெருவே குரலைத் தாழ்த்திக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதைத் திண்டிவனம் குழுவும் பார்க்கட்டும் என்றுதான் பஸ் பிடித்து அழைத்து வந்தேன். உங்களிடம் முன்கூட்டியே கேட்டேன். "பாக்கலாம்" என்றீர்கள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் நடுத்தெருவில் நின்று, "எங்க புள்ள இன்னா பொருட்காட்சியா? எல்லாரும் ஜல்தியா பஸ் ஏறுங்க" என்று கத்தினீர்கள். அத்தனை பேர் முன்னால். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. டிரைவர் மட்டும் "டீ சாப்டலாமா மேடம்" என்றார். எனக்கு வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

ஃபைசல் அன்றைக்கு எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

சங்கவி

•

கோட்டக்குப்பம்
14 அக்டோபர் 2023

சங்கவி மேடம் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு வரியில் எழுதுகிற ஆள் இல்லை. கடையில் வீணாய்ப்போன தாள் நிறைய இருக்கிறது. பின்பக்கம் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் வரைபடம் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நீங்கள் பஸ்ஸில் ஏறிப் போனபிறகு ஃபைசல் கட்டிலுக்கு அடியில் போனான். ராத்திரி முழுக்க வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, சிறுநீர் அங்கேயே போய்விட்டது. அவன் அம்மா ஃபாத்திமா பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டாள். நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து வந்தார்களே, அதை அவன் ஜன்னலில் பார்த்திருக்கிறான். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

நீங்கள் சொன்ன எதையும் நாங்கள் விடவில்லை, மேடம். "திடீர்ச் சத்தம் கூடாது" என்றீர்கள். பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்டு பாங்கு ஒலிபெருக்கியைக் குறைக்கவைத்தேன். மிக்ஸி ஓட்டுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள். பையன்கள் கிரிக்கெட்டில் "அவுட்" என்று கத்துவதில்லை, விரலைத் தூக்குகிறார்கள். மீன்கார அம்மா தையல்நாயகி கூவுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கதவாக வந்து மெதுவாகத் தட்டுகிறாள். ஆட்டோ ஓட்டுகிற கோபி, உங்கள் பயிற்சிக்கு வந்தவன்தான், எங்கள் தெருமுனை வந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். இத்தனை செய்தும் பையன் மாதத்துக்கு மாதம் மோசமாகிறான். வந்த புதிதில் வாசல்வரை வருவான். இப்போது கூடத்துக்கே வருவதில்லை. அம்மாவிடம் மட்டும் காதோடு காதாக ஏதோ சொல்வான். எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது.

என் தம்பி அப்துல் வஹாப் இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். டிசம்பர் விடுமுறைக்குள் பையன் தெளியவில்லை என்றால் ஃபாத்திமாவின் அண்ணன் வந்து அவனைச் சென்னைக்கு அழைத்துப்போவது என்று போனில் பேசி முடித்துவிட்டார்கள். அவர் வீடு பதினோராவது மாடி. ஜன்னல் கண்ணாடியைச் சாத்தினால் கீழே ஊர் இருப்பதே தெரியாதாம். அதைப் பெருமையாகச் சொல்கிறார். கட்டிலுக்கு அடியில் இருக்கிறவனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சரியாகிவிடுமா?

எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குவைத்தில். இந்த வீட்டில் எனக்கு ஒரு பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவ இந்த வருஷம்தான் கிடைத்தது. அவன் போய்விட்டால் நான் தாங்கமாட்டேன். ஒரு வரி கேட்டீர்களே, அதுதான்.

அப்ஸானா

•

திண்டிவனம்
20 அக்டோபர் 2023

அப்ஸானா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். மரியாதை என்று நினைத்துச் சொன்னேன். மன்னியுங்கள். பஸ்ஸில் நான் பட்ட வருத்தத்தை எல்லாம் எழுதினேனே, இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே செய்திருக்கிறீர்கள். ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அப்புறம் ஏன் பிள்ளை மோசமாகிறான்? எனக்குத் தெரியவில்லை, அக்கா. என் வாயிலிருந்து இந்த வார்த்தை சுலபத்தில் வராது. மேடையில் நிற்கும்போது தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிப் பழகிவிட்டேன்.

ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். அவன் எப்போது ஒளிந்துகொள்கிறான் என்று கவனியுங்கள். எந்த வேளை, அதற்குச் சற்று முன்னால் வீட்டில், தெருவில் என்ன நடந்தது. நானும் நீங்களும் "சத்தம்தான் அவனுக்கு எதிரி" என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டோம். அவனை யாரும் கேட்கவில்லை.

பிளாக்கை எடுத்துவிட்டால் தினமும் பேசலாம். கெஞ்சுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சங்கவி

•

கோட்டக்குப்பம்
30 அக்டோபர் 2023

சங்கவிக்கு,

மேடத்தை எடுத்துவிட்டேன். பிளாக்கை எடுக்கவில்லை. போனில் பேசினால் நீங்களேதான் பேசுவீர்கள், நான் "ம்" போட்டுக்கொண்டிருப்பேன். தாளில் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது.

ஃபைசல் பேசினான்.

என்னிடம் இல்லை. மீன்கார அம்மாவிடம். நேற்றுக் காலை நான் சமையல்கட்டில் இருந்தேன். தையல்நாயகி வழக்கம்போலச் சத்தமில்லாமல் வந்து, அன்னக்கூடையை இறக்கிவைத்து, ஜன்னல் பக்கமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே இருந்து ஒரு குரல்:

"நீங்க ஏன் கத்தல?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளை.

"கத்தக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க கண்ணு."

"இன்னிக்கி வருமா?"

"இன்னா வரும்?"

"பிளேன்."

அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல்நாயகிதான், "சொல்லு கண்ணு, பிளேன் வந்தா நானும் ஓடணும் இல்ல?" என்றாள். அப்போது சொன்னான். கார்ட்டூமில் அவர்கள் தெருவில் தினமும் காலையில் ரொட்டிக்காரர் கத்திக்கொண்டு வருவாராம். பக்கத்து வீட்டுப் பையன்கள் கத்துவார்களாம். நாய் குரைக்குமாம். என்றைக்கு ரொட்டிக்காரர் வரவில்லையோ, என்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் கிசுகிசு என்று பேசிக்கொண்டு மெதுவாக நடக்கிறார்களோ, அன்றைக்குத்தான் குண்டு விழுமாம். "மொதல்ல எல்லாம் சும்மா ஆயிடும் மாமி. அப்புறம் வரும்" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க எப்ப வரும்?" என்று கேட்டான்.

சங்கவி, நாம் என்ன செய்துவிட்டோம் என்று பார்த்தீர்களா? தெரு மொத்தமும் சேர்ந்து, அவ்வளவு பிரியத்தோடு, இத்தனை மாதமாக அந்தப் பிள்ளையைக் குண்டுக்குக் காத்திருக்க வைத்திருக்கிறோம். அவன் முன்னால் யாரெல்லாம் விரலை உதட்டில் வைத்தார்களோ அவர்களெல்லாம் அவனிடம் "இதோ வரப்போகிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபாத்திமாவிடம் சொன்னேன். அவள் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தையல்நாயகி மட்டும் அழவில்லை. அந்தத் தெருவிலேயே நின்று மீன் இருப்பதை எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கூவினாள். பிள்ளை ஜன்னலைவிட்டு நகரவில்லை.

பாதித் தப்பு உங்களுடையது, பாதி என்னுடையது. சண்டை போட இனி ஒன்றுமில்லை. அடுத்தது என்ன என்று சொல்லுங்கள். தீபாவளி வருகிறது.

அப்ஸானா

•

திண்டிவனம்
4 நவம்பர் 2023

அப்ஸானா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டு அழுதேன். பக்கத்து மேஜை சீனுவாசன் சார் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து லீவ் போடச் சொன்னார். "அமைதியான சூழல்" என்று பயிற்சியில் நான் கொட்டை எழுத்தில் காட்டுகிற படத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். எந்தச் சத்தம், யார் போடுகிறார், எப்போது முடியும் என்று அவனுக்கு முன்னாலேயே தெரியட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அவனுக்கு இருக்கட்டும். தீபாவளிக்கும் இதேதான். வெடியை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து ஊரிடம் நிற்காதீர்கள். அது முடியவும் முடியாது, இன்னொரு தடவை ஊரையே ஊமையாக்கவும் வேண்டாம். வெடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

கட்டிலுக்கு அடியில் அவன் போனால் போகட்டும். தலையணையும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள். அது அவன் இடம்.

தையல்நாயகி அம்மாவுக்கு என் வணக்கம். அவருக்கு நான் பயிற்சியே கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சங்கவி

•

கோட்டக்குப்பம்
20 நவம்பர் 2023

அன்புள்ள சங்கவி,

எங்கள் தெருவை இப்போது நீங்கள் பார்க்க வேண்டும். இவ்வளவு நாள் அடக்கிவைத்த வாயெல்லாம் திறந்துகொண்டது. ஒலிபெருக்கியை ஏற்றலாம் என்று சொன்னதும் மோதினார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்று மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கை விட்டதையெல்லாம் சேர்த்துச் சொன்ன மாதிரி சொன்னார். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து, "தம்பி, இப்ப பாங்கு சொல்லப் போறேன், சத்தமா இருக்கும், முடிஞ்சதும் வந்து சொல்றேன்" என்று ஃபைசலிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். முடிந்ததும் வந்தும் சொன்னார். கோபி தெருமுனையிலேயே ஹாரன் அடித்து, "நாந்தான், கோபி" என்று கத்துகிறான். எதிர்வீட்டு ஆமினா மிக்ஸி போடும் முன்னால் ஜன்னலில் வந்து, "தேங்கா சட்னி" என்று அறிவிக்கிறாள். இரண்டாவது நாள் ஃபைசல் உள்ளே இருந்தபடியே, "சரி" என்று பதில் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். ஆமினா அந்தச் சட்னியை எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பிவிட்டாள்.

தீபாவளி கஷ்டமாகத்தான் போனது. மறைக்கமாட்டேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஓடிவந்து, "வைக்கப் போறோம், வைக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். இருந்தும் எங்கெங்கோ வெடித்தது, அதை யார் சொல்ல முடியும்? இரண்டு நாளும் கட்டிலுக்கு அடியில்தான். ஆனால் சாப்பிடக் கையை நீட்டினான். தூங்கினான். ஒரு தடவை, "இது யாரு வெச்சது?" என்று கேட்டான். யாரோ வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. வானத்திலிருந்து விழவில்லை.

கெட்ட நேரம், அந்த வேளையில்தான் சென்னையிலிருந்து அவன் மாமா போன் போட்டார். போனில் வெடிச்சத்தம் கேட்டதும் பிடித்துக்கொண்டார். "இதான் நீங்க பாத்துக்குற லட்சணமா?" என்றார். டிசம்பர் இருபத்துநாலு ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறாராம். பெட்டியைக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டார். ஃபாத்திமா வாயே திறக்கவில்லை. அண்ணன் பேச்சுக்கு அவள் மறுபேச்சு பேசிப் பழகினவள் இல்லை.

அதனால் ஓர் உதவி. உங்கள் அமைப்பின் லெட்டர்பேடில், சீல் வைத்து, "இந்தப் பிள்ளையை இடம் மாற்றக் கூடாது" என்று ஒரு கடிதம் எழுதிக்கொடுங்கள். இங்கிலீஷில் இருந்தால் நல்லது. அவர் இங்கிலீஷ் தாளுக்குத்தான் அடங்குவார்.

அப்ஸானா

•

திண்டிவனம்
26 நவம்பர் 2023

அன்புள்ள அக்கா,

"தேங்கா சட்னி" என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன்.

நீங்கள் கேட்ட கடிதத்தை நான் அனுப்பவில்லை. சீலும் என்னிடம்தான் இருக்கிறது, இங்கிலீஷும் வரும். ஆனால் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியது நானோ நீங்களோ இல்லை, ஃபாத்திமா. அவர் கார்ட்டூமில் குண்டு விழும்போதெல்லாம் குளியலறைக்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இங்கே வந்த பிறகு எல்லாரும் அவருக்காக முடிவு செய்கிறோம். கணவர், அண்ணன், நீங்கள், இப்போது நானும் ஒரு தாளில் சீல் குத்தி. அவர் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். இடம் கொடுத்தோமா?

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஃபைசல் அங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

சங்கவி

•

கோட்டக்குப்பம்
13 டிசம்பர் 2023

சங்கவிக்கு,

கோபம் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. பதில் போடக்கூடாது என்றே இருந்தேன். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கோபியின் அப்பா தேவநாதன் சனிக்கிழமை விடியலில் இறந்துபோனார். சர்க்கரை வியாதி, ரொம்ப நாளாகப் படுக்கை. அவர்கள் வீடு எங்கள் தெருவுக்குப் பின்னால். சுடுகாட்டுக்கு எங்கள் தெருமுனை வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் சாவு எடுக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். மேளம், பூப்பல்லக்கு, வழிநெடுக வெடி.

காலையில் கோபி கதவைத் தட்டினான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அக்கா, வெடி வேணாம்னு பங்காளிங்க கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?" என்றான். அப்பன் செத்த வீட்டிலிருந்து எங்கள் பிள்ளைக்காக வந்து நிற்கிறான். "அதெல்லாம் கூடாது கோபி. உங்க அப்பாவுக்கு செய்ய வேண்டியத கொறை இல்லாம செய்யி" என்றேன். அப்போது ஃபாத்திமா உள்ளே இருந்து வந்தாள். நீங்கள் எழுதியது அவளுக்குத் தெரியாது, நான் காட்டவில்லை. அவளாகவே சொன்னாள்: "அவன் கிட்ட நீங்களே சொல்லுங்கண்ணே."

கோபி உள்ளே போய் ஃபைசலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"ஃபைசலு, எங்க அப்பா செத்துட்டாரு. சாயங்காலம் இந்தப் பக்கமா தூக்கிக்கினு போவோம். மேளம் அடிப்பாங்க. வெடி வெப்போம்."

ஃபைசல் அவன் முகத்தையே பார்த்தான்.

"குண்டு விழுந்தா செத்தாரு?"

"இல்லப்பா. வயசாயிடுச்சி. ஒடம்பு சரியில்ல. தூங்கிக்கினே இருந்தாரு, அப்டியே போயிட்டாரு."

பிள்ளை கோபிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தான். பிறகு கேட்டான்: "மொதல்ல செத்து, அப்புறந்தான் வெடியா?"

"ஆமாம்பா. இங்க அப்டித்தான்."

"வெடி வெச்சா யாரும் சாவ மாட்டாங்களா?"

கோபி பொய் சொல்லவில்லை. "கிட்ட போனா கை சுட்டுக்கும். மாடியில நின்னு பாரு, ஒண்ணும் ஆவாது. ஒவ்வொரு தபாவும் வெக்கிறதுக்கு மின்னாடி துண்டத் தூக்கிக் காட்டச் சொல்றேன்" என்றான்.

சாயங்காலம் மாடியில் நின்றோம். ஃபைசல் நடுவில், நானும் ஃபாத்திமாவும் இரண்டு பக்கமும். பல்லக்கு தெருமுனைக்கு வந்தது. வெடி வைக்கிற பையன் எங்கள் மாடியைப் பார்த்துச் சிவப்புத் துண்டைத் தூக்கினான். ஃபைசல் காதைப் பொத்திக்கொண்டான். வெடித்தது. உடம்பு நடுங்கியது, ஆனால் கண்ணை மூடவில்லை. மறுபடி துண்டு, மறுபடி வெடி. கொள்ளிச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் போன கோபி அந்தத் துக்கத்திலும் ஒரு தடவை தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தான். எல்லோரும் பூவை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். தெரு முழுக்கச் சாமந்தி.

ஊர்வலம் போன பிறகு ஃபைசல் அழுதான். கார்ட்டூமிலிருந்து வந்த நாளாக இந்தப் பிள்ளை அழுது நாங்கள் பார்த்ததில்லை. "ஒமருக்குப் பூவே போடல" என்றான். ஒமர் பக்கத்து வீட்டுப் பையனாம், இவனோடு படித்தவன். குண்டு விழுந்த அன்று அவனை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துப்போனதை இவன் கதவிடுக்கில் பார்த்திருக்கிறான். அவன் பார்த்ததே ஃபாத்திமாவுக்குத் தெரியாது. அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நானும் அழுவலடா, அன்னிக்கி அழுவறதுக்கு நேரமே இல்ல" என்றாள். இரண்டு பேரும் மாடியிலேயே உட்கார்ந்து ஒமருக்காக அழுதார்கள். நான் கீழே வந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் ஃபாத்திமா கடையில் பூ வாங்கி வந்தாள். இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் அலையில் போட்டுவிட்டு வந்தார்கள். மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று தெரியவில்லை, மோதினாரிடம் கேட்கவும் இல்லை. நீங்கள் எழுதினது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை.

அப்ஸானா

•

திண்டிவனம்
18 டிசம்பர் 2023

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். நான் படித்த படிப்பில் இதற்கு ஏதோ பெயர் இருக்கிறது. எழுதி எழுதி அடித்துவிட்டேன். கோபியிடம் என் அனுதாபத்தைச் சொல்லுங்கள். காரியம் முடிந்ததும் நானே நேரில் வந்து பார்க்கிறேன். பஸ்ஸில் தனியாகத்தான் வருவேன், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு.

ஜனவரியில் விழுப்புரத்தில் அடுத்த பயிற்சி. கண்டமங்கலம் பக்கத்திலிருந்து சத்துணவு அமைப்பாளர்கள், மேல்சித்தாமூரிலிருந்து ஓர் ஆசிரியை, இன்னும் சிலர் வருகிறார்கள். முதல் நாள் நான் பேசப்போவதில்லை. நீங்களும் கோபியும் தையல்நாயகி அம்மாவும் பேச வேண்டும். நாம் எதைத் தப்பாகச் செய்தோம் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லலாம். ஃபாத்திமாவும் ஃபைசலும் சரி என்றால் மட்டும். இந்தத் தடவை "பாக்கலாம்" என்றால் நான் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எது நடந்தாலும் எழுதுங்கள்.

சங்கவி

•

கோட்டக்குப்பம்
25 டிசம்பர் 2023

அன்புள்ள சங்கவிக்கு,

இனிமேல் "நீ" போட்டே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள் நீ. இவ்வளவு சண்டைக்கு அப்புறம் "நீங்கள்" எதற்கு? விழுப்புரத்துக்கு வருகிறோம். ஃபாத்திமாவும் வருகிறாளாம். தையல்நாயகி, "மைக்கு வேணாம்னு சொல்லு, எனக்கே போதும்" என்கிறாள்.

இனி நேற்று நடந்தது.

மாமா காலையிலேயே வந்துவிட்டார். பெரிய வெள்ளைக் கார். ஏசியை அணைக்காமல் வாசலில் நிறுத்தியிருந்தார். மழைவெள்ளத்தில் சென்னையில் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார். டீ குடித்தார். பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. ஃபாத்திமாதான் கட்டினாள், நான் தொடவில்லை. ராத்திரி முழுக்க அல்லாவிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் புரண்டுகொண்டிருந்தேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பையனக் கூப்புடுங்க, வெயிலுக்கு முன்னாடி கெளம்பணும்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இல்லை. மாடியில் இல்லை. குளியலறையில் இல்லை. மாமாவுக்கு உடனே கோபம். "புள்ளையக் காணோமா? இப்டித்தான் பாத்துக்கினு இருந்தீங்களா இவ்ளோ நாளா?" என்று எகிறினார். நான் தெருவுக்கு ஓடினேன். ஆமினா இறங்கினாள், மோதினார் வந்தார், கடைக்காரர்கள் வந்தார்கள். தெருவே கத்தியது, "ஃபைசலு... ஃபைசலு..." என்று. யாரும் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கத்தவில்லை. நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது, சங்கவி. இந்த எட்டு மாதத்தில் அவனைத் தேட வேண்டி வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எப்போதும் எங்கே இருப்பான் என்று எங்களுக்குத் தெரியும்: கட்டிலடி, இல்லை ஜன்னல், இந்த இரண்டு வாரமாக வாசல்படி, அங்கிருந்து பையன்கள் ஆடுவதைப் பார்ப்பான். பிள்ளையைக் காணோம் என்று கத்துகிறேன், அதே நேரத்தில் சிரிப்பு வருகிறது. பைத்தியக்காரி மாதிரி நடுத்தெருவில் நின்றேன்.

கோபியின் அக்கா மகன் பிரவீன்குமார் ஓடிவந்து சொன்னான்: "எங்ககூடத்தான் ஆடிக்கினு இருக்கான். பேட்டிங்கு."

சவுக்குத்தோப்புக்குப் பின்னால் மல்லாட்டைச் செடி பிடுங்கின கொல்லை ஒன்று சும்மா கிடக்கிறது. எல்லோரும் அங்கே போனோம். மாமா பாலிஷ் போட்ட ஷூவோடு மண்ணில் தடுமாறிக்கொண்டு வந்தார். ஃபைசல் தென்னமட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை முழுக்கப் புழுதி. பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே கூச்சல், நாய் ஒன்று நடுவில் குரைத்துக்கொண்டு ஓடுகிறது. பந்தை அடித்துவிட்டு இவன் போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இன்னாம்மா, நான் இன்னும் அவுட் ஆவல. போங்கம்மா."

இன்னா என்கிறான். கார்ட்டூமிலிருந்து வந்த பிள்ளை.

மாமா கூப்பிட வாயைத் திறந்தார். ஃபாத்திமா அவர் கையைப் பிடித்தாள். அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாப்ட்டுட்டு கெளம்புண்ணே. அவன் வர நேரமாவும்."

"இன்னா சொல்ற நீ? வஹாபுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். ஜனவரில பள்ளிக்கூடம் தொறந்ததும் அவன் இங்கதான் போவான்."

அவர் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினார். நல்ல மனுஷன்தான், தங்கை பிள்ளைமேல் பாசம். வீட்டுக்கு வந்து பிரியாணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது ஃபாத்திமா தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஃபைசல் மதியம் மூன்று மணிக்கு வந்தான். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. பசி பசி என்று கத்தினான். தட்டில் சோறு போட்டேன். பெட்டி இன்னும் கூடத்திலேயே கிடந்தது. "இது யாரோடது?" என்று காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான்.

அப்ஸானா